அரை மணி பிந்திய பொங்கல்

மார்கழிக் கடைசியில் எங்கள் ஊருக்கு வருகிற ஒவ்வொரு பேருந்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஆள் இறங்கும். சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் பையும் பிள்ளையுமாக வந்து சேர்வார்கள். அதே பேருந்து திரும்பும்போது நான் ஏறுவேன். 2015 தொடங்கி நான்கு வருடம் இப்படித்தான் நடந்தது.

மாலத்தீவில் அப்போது ஜனவரியில்தான் பள்ளி திறக்கும். டிசம்பர் முழுக்க விடுமுறை. பொங்கலுக்கு ஏழெட்டு நாள் இருக்கையில் ஏரல் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து கிளம்பி, திருநெல்வேலி வந்து, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் பிடிப்பேன். வழி நெடுக எதிரே வருகிற லாரிகளில் கரும்புக் கட்டு இருக்கும். கடைத்தெருவில் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் குவித்திருப்பார்கள். பொங்கல் பானை ஏற்றுகிற மண் அடுப்புக்கட்டியான பொங்கக்கட்டிக்கு வெள்ளையும் காவியும் அடித்துத் திண்ணையில் காயப் போட்டிருப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டே போவேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆனால் மூட மனம் வராது.

வீட்டில் அம்மாவிடம் மகளை விட்டுவிட்டுப் போனேன். முதல் முறை நான் கிளம்பியபோது அவளுக்கு ஏழு வயது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தைப்பொங்கலைவிடச் சிறுவீட்டுப் பொங்கல்தான் பெரிது. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூ சூட்டுவார்கள். பிறகு அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்துத் தட்டிச் சுவரில் ஒட்டிக் காயவைப்பார்கள். அதுதான் பூ எரு. தைப்பொங்கல் கழிந்ததும் முற்றத்தில் களிமண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, அதற்குள் அடுப்பு வைத்துப் பிள்ளைகளே பொங்குவார்கள். பொங்கியதை இலையில் வைத்து, பூ எருவின் மேல் சூடம் ஏற்றித் தாமிரபரணியில் விடுவார்கள். நான் கிளம்பிய அன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருபத்திரண்டு எரு காய்ந்துகொண்டிருந்தது. மகள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினாள். மிச்சம் எட்டைத் தொலைபேசியில் எண்ணிச் சொல்வதாகச் சொன்னாள்.

ஏன் போனேன் என்றால் கடன்தான். ஊரில் தனியார் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சம்பளம் ஒன்பதாயிரம். அங்கே அதைப்போல ஐந்து மடங்கு கிடைத்தது. மாலத்தீவுப் பள்ளிகளில் நம் பக்கத்து ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. கேரளத்துக்காரர்கள் அதிகம், அடுத்தபடியாக நாம். எனக்குக் கிடைத்தது தெற்குப் பக்கம் ஒரு சின்னத் தீவு. மாலேயிலிருந்து சரக்குப் படகில் ஓர் இரவுப் பயணம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். படகை அவர்கள் 'தோனி' என்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறியும் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரக்கலத்துக்கும் நம் ஊரில் தோணி என்றுதான் பேர். முதல் நாள் துறையில் அந்தச் சொல் காதில் விழுந்தபோது யாரோ ஊர்க்காரர் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

முதல் பொங்கல் 2015 ஜனவரி 15, வியாழக்கிழமை. அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஆகவே அன்று பள்ளி உண்டு. விடுதியில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் கேரளம், ஒருவர் மார்த்தாண்டம். நான் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சாமான் எதுவும் கிடையாது. விடிகாலை நாலரைக்கு எழுந்து குளித்து, விடுதிக் குக்கரில் அரிசியும் பருப்பும் சீனியும் போட்டு மூடினேன். மூன்று விசில் வந்தது. ஆவி அடங்கித் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வெந்திருந்தது. வெந்ததே தவிர, பொங்கவில்லை. குக்கரில் எப்படிப் பொங்கும்? பொங்காமல் இருப்பதற்குத்தானே அந்த மூடி.

அம்மா அழைத்தாள். அவர்கள் நேரம் நமக்கு அரை மணி பின்னால். ஊரில் ஏழு மணி என்றால் அங்கே ஆறரை.

"ஏட்டி, பொங்கிட்டா?"

பின்னால் சித்தியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் குலவை போடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுப் பானை கிழக்கே பார்த்துப் பொங்கியதாம். மகள் போனைப் பிடுங்கி அதைத்தான் முதலில் சொன்னாள். "பொங்கிட்டும்மா" என்று அம்மாவிடம் நான் சொன்னது பொய். அந்தச் சாதத்தை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குள் பள்ளிக்கு ஓடினேன். அன்று பத்தாம் வகுப்புக்கு என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. ஒரு குலவை நாள் முழுக்கத் தொண்டையிலேயே நின்றது. மெல்லிய சுவர், பக்கத்தில் தூங்குகிறவர்கள், புது ஊர். எங்கே போடுவது?

அந்த நாட்டின் நிலையையும் சொல்ல வேண்டும். 2008 அரசமைப்புப்படி இஸ்லாம்தான் அரச மதம். முஸ்லிம் அல்லாதவர் அங்கே குடிமகன் ஆக முடியாது. வேற்று மதத்தவர் வெளியில் வழிபட அனுமதியில்லை, வழிபாட்டுச் சிலைகளை உள்ளே கொண்டுபோகவும் கூடாது. வீட்டுக்குள் அவரவர் கும்பிட்டுக்கொள்வதை யாரும் கேட்பதில்லை. வேலை கேட்டுப் போன நாடு அவர்களுடையது, அதன் ஒழுங்கும் அவர்களுடையது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. பொங்கலுக்குச் சிலையும் வேண்டாம், படமும் வேண்டாம். கும்பிடுகிற சாமி தினமும் தானே கிழக்கே வந்துவிடுகிறது. எனக்குக் குறையாக இருந்தது ஒரு பானைதான்.

அடுத்த வருடம் அதைக் கொண்டுபோனேன். தலைப்பொங்கலுக்கு அம்மா பொங்கப்படியோடு, அதாவது பொங்கல் சீரோடு, கொடுத்த வெண்கலப் பானை. கனம் அதிகம் என்பதால் அதற்காக இரண்டு புடவையையும் ஒரு பொட்டலம் முறுக்கையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். பானைக்குள் பச்சரிசி, அதற்குமேல் மண்டை வெல்லம், வாயைத் துண்டால் கட்டி மடியிலேயே வைத்துக்கொண்டேன். மாலேயில் பெட்டிகளைச் சோதித்தவர் துண்டை அவிழ்த்துப் பார்த்து "என்ன இது?" என்றார். "சோறு பொங்குகிற பானை" என்றேன். கைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். வெண்கலம் ரீங்காரமிட்டது. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

2016-இல் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. விடுமுறை நாள்தான், ஆனால் விடுதி கேஸ் அடுப்பில் அந்தப் பானை உட்காரவில்லை. அடி உருண்டை, தாங்கி சின்னது, ஒரு பக்கம் சாய்ந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதைப் பக்கத்து வீட்டு தத்தா பார்த்தார். மாலத்தீவு மொழியான திவேஹியில் தத்தா என்றால் அக்கா. ஐம்பது வயது இருக்கும். அவர் பேத்தி என் வகுப்பில் படித்தாள். என்ன விஷயம் என்று கேட்டார். பாதி ஆங்கிலமும் பாதி திவேஹியும் கொஞ்சம் கைச்சாடையுமாக விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப்போனார்.

அங்கே பழைய வீடுகளில் சமையல்கட்டு தனியாகக் கொல்லையில் இருக்கும். பதிகே என்பார்கள். சூரை மீனைக் கொதிக்கவைத்த தண்ணீரை மணிக்கணக்காகச் சுண்டவைத்து ரிஹாகுரு என்றொரு குழம்பு எடுப்பார்கள், அதற்கு விறகடுப்பு வேண்டும். மூன்று கல் கூட்டிய அந்த அடுப்பு கரியேறிக் கிடந்தது. தத்தா அதைக் காட்டி, "இதில் உன் பானை உட்காரும்" என்றார்.

மறுநாள் விடியுமுன் போனேன். தத்தா ஏற்கெனவே எழுந்து முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். தீவில் பெண்கள் தினமும் காலையில் வாசலையும் தெருவையும் பெருக்குவார்கள். தென்னை ஈர்க்குமாறு, நம் ஊரில் நாங்கள் வாரியல் என்போமே, அதேதான். பவளம் பொடிந்த வெள்ளை மணல் அது. அரிசிமாவுக் கோலம் அதில் எடுபடாது, வெள்ளையில் வெள்ளை போட்டதுபோல் ஆகிவிடும். ஆனால் அந்த ஈர்க்குமாறு மணலில் விட்டுப்போன கோடுகளைக் குனிந்து பார்த்தேன். ஒரு வீச்சு இடப்பக்கம், ஒரு வீச்சு வலப்பக்கம், ஒன்றையொன்று தொட்டு வளைந்து வளைந்து வாசல்வரை போயின. அதை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போய்ப் பானையை வைத்தேன்.

பாலுக்குப் பால்பொடிதான். அந்தத் தீவில் மாடு கிடையாது. நெல்லும் அந்த நாட்டில் விளைவதில்லை. அரிசி, மாவு, சீனி எல்லாம் கப்பலில் வருபவை. இந்தியாவோடு 1981-இல் போட்ட வணிக ஒப்பந்தத்தின்படி நம் பக்கத்திலிருந்தும் போகிறது. அறுவடையே இல்லாத ஊரில் அறுவடைப் பொங்கல் வைக்கிறோமே என்று அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. தேங்காய் மட்டையும் காய்ந்த ஓலையும் சடசடவென்று பிடித்துக்கொண்டன. எங்கள் வீட்டில் பனையோலை வைத்து எரிப்போம், அதன் வாசனை வேறு, ஆனால் சத்தம் ஒன்றுதான். பொங்கி வரும்போது தத்தா பதறி அகப்பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "வேண்டாம், வேண்டாம்" என்று தடுத்தேன். நுரை எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்து கல்லில் விழுந்து சுர்ரென்றது. பாலை வழியவிடத்தான் இவ்வளவும் என்று அவருக்குப் புரியவைக்கச் சிறிது நேரம் பிடித்தது. குலவை அப்போதும் போடவில்லை. மெதுவாக, வாய்க்குள்ளேயே, "பொங்கலோ பொங்கல்" என்று மூன்று தரம் சொன்னேன்.

வெல்லம் போதவில்லை. ஈரக்காற்றில் பாதி கசிந்து துண்டிலேயே ஒட்டிவிட்டது. தத்தா உள்ளே போய் ஒரு கண்ணாடிப் புட்டி எடுத்துவந்தார். தியா ஹகுரு. தென்னம் பதநீரைக் காய்ச்சிக் குறுக்கிய பாகு, நிறம் கருந்தேன்போல. பனங்கருப்பட்டி காய்ச்சுகிற ஊரிலிருந்து போனவளுக்கு மூடியைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. முகர்ந்துகொண்டே நின்றேன். இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறியதும் தத்தா எட்டிப் பார்த்து, "இது பொண்டிபை அல்லவா!" என்றார். அரிசியும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் ரம்பை இலையும் போட்டு அவர்கள் செய்வது பொண்டிபை. குழந்தைக்குப் பேர் வைக்கும்போது அதைச் செய்து ஊருக்குக் கொடுப்பார்களாம்.

இது என்ன பண்டிகை என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். விளைந்ததற்காகச் சூரியனுக்கு நன்றி சொல்கிற நாள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "நன்றி எல்லாம் அல்லாஹ்வுக்கு" என்றார். பிறகு, "சோறு நல்ல சோறு" என்று தட்டை நீட்டினார். அவர் நம்பிக்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, என் தட்டையும் தள்ளவில்லை. அந்தக் காலையில் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்திருக்க முடியாது.

கொல்லையில் கயிற்று நாற்காலி ஒன்றில் தத்தாவின் அப்பா சாய்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் சூரை மீன் பிடித்தவர். பேச்சு குறைவு. சாப்பிட்டுக்கொண்டே மகளிடம் ஏதோ சொன்னார். அதில் 'உத்துரஹள' என்றொரு சொல் வந்தது. என்ன என்று கேட்டேன். இப்போது நடக்கிற நக்கையின் பெயர் என்றார் தத்தா. நக்கை என்றால்? வருடத்தைப் பதிமூன்று, பதினாலு நாட்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரப் பெயர் வைத்திருக்கிறார்கள். காற்று எப்போது திரும்பும், கடல் எப்போது அடங்கும், எந்த நாளில் எதை நடலாம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

கிழவரிடம் எல்லாப் பெயரையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். அஸ்ஸித, புருனு, கெத்தி, ரோனு, மியஹெலி, அத... எனக்குக் கையிலிருந்த தட்டு நடுங்கியது. அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், ஆதிரை! மா என்றது மகம். ஹித என்றது சித்திரை. ரெய்வ என்று முடித்தார், நம் ரேவதி. மொத்தம் இருபத்தேழு. ஹுளங்கு என்னும் தென்மேற்குப் பருவத்துக்குப் பதினெட்டு, இருவை என்னும் வடகிழக்குப் பருவத்துக்கு ஒன்பது. நம் பஞ்சாங்கத்தில் சித்திரை மாதம் பிறக்கும்போது சூரியன் அசுவினியில் இருக்கும். அவர்களுக்கு அஸ்ஸித ஏப்ரல் 8-இல் தொடங்கிவிடுகிறது. ஆறு நாள் வித்தியாசம், அவ்வளவுதான். அதே வரிசை, அதே ஓட்டம். கெத்தி மே மாதம் வருகிறது என்றார்கள். நம் ஊரில் கத்திரி வெயில் கொளுத்துகிற காலம், சூரியன் கார்த்திகையில் நிற்கிற காலம்.

பொங்கலன்று சூரியன் மகரத்தில் நுழைகிறது என்கிறோம். நுழையும்போது அது நிற்பது உத்திராடத்தில். அந்தக் கிழவர் உத்துரஹள என்று சொன்னதும் அதையேதான்.

ஒரு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. பொங்கலை ஊரில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், கொஞ்சத்தைப் பானையில் அடைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த நாள் அங்கேயே இருந்திருக்கிறது. பெயர்கூட மாறாமல் இருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மற்றப் பண்டிகைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தீபாவளி வரும்போது பரீட்சைக் காலம். 2015-இல் நவம்பர் 10, செவ்வாய். நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சுடிதாரின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து உடுத்திக்கொண்டு தேர்வுக்கூடத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். ஒரு பையன் விடைத்தாளைக் கொடுக்கும்போது, "மிஸ், புது உடுப்பில் கறை பட்டிருக்கிறது" என்றான். கறை இல்லை, மஞ்சள் என்றேன். மறுநாள் அவர்களுடைய குடியரசு நாள், விடுமுறை. அன்றுதான் அதிரசம் சுட்டோம். மார்த்தாண்டம் டீச்சர் கிறிஸ்துமஸுக்கு எப்போதும் ஊரில் இருப்பார், அது அவருடைய அதிர்ஷ்டம். கேரளத்து டீச்சருக்கு ஓணத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் பூ கிடைக்காது. செம்பருத்தியும் காகிதப்பூவும் கிள்ளி அறைக்குள்ளேயே ஒரு சாண் அகலத்துக்குப் பூக்களம் போட்டோம். நக்கைப் பட்டியலில் ஹுவன் என்பது திருவோணம் என்று அவரிடம் சொன்னபோது அவர் நம்பாமல் என்னையே பார்த்தார். பெருநாள் வந்தால் ஊரே எங்களையும் இழுத்துக்கொள்ளும். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி விளையாடும்போது டீச்சர் என்று பார்க்கமாட்டார்கள். முறைப்பெண்ணுக்கு மஞ்சள்நீர் ஊற்றுகிற ஊரில் வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

2017-இல் பொங்கல் சனிக்கிழமை. அந்த வருடம் தத்தாவே விறகு எடுத்து வைத்துவிட்டார். தீவிலிருந்த வெளியூர் ஆசிரியர்கள் எல்லாரும் வந்தார்கள், பதிகே கொள்ளவில்லை. மூன்று நாள் கழித்து மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் கூடினார்கள். போன் வெளிச்சத்தில் அந்தக் கூட்டத்தை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2018-இல் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதான் அங்கே வாரத்தின் முதல் வேலைநாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான்கு வருடமும் ஒவ்வொரு கிழமையாக நகர்ந்து வந்திருந்தது. இருட்டோடு பொங்கிவிட்டு, கையில் புகைவாசத்தோடு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். அன்று ஒருங்கமை சமன்பாடுகள் நடத்தவேண்டும். புத்தகத்தை மூடிவிட்டுப் பலகையில் எழுதினேன்: நக்கை மொத்தம் 27. சிலவற்றுக்கு 13 நாள், சிலவற்றுக்கு 14 நாள். வருடத்துக்கு 365 நாள். எத்தனை நக்கைக்கு எத்தனை நாள்?

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. தாத்தா பேச்சாகக் கேட்ட விஷயம் கணக்காக வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தத்தாவின் பேத்திதான் முதலில் எழுந்தாள். பதிமூன்று நக்கைக்குப் 13 நாள், பதினாலு நக்கைக்கு 14 நாள். சரி என்றேன். அவள் உட்காரவில்லை. "மிஸ், இன்று உத்துரஹள. உங்கள் நாள்" என்று மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னாள். பாதிப் பாடவேளை முழுக்க அதையே பேசினோம். உங்கள் ஊரிலும் இந்த நட்சத்திரமா, உங்கள் ஊரிலும் இப்போது வடகிழக்குக் காற்றா என்று கேள்விமேல் கேள்வி. இத்தனை வருடக் கணக்கு வாத்திச்சி வேலையில் அதைவிட நல்ல வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் கடன் முடிந்தது, ஊருக்குத் திரும்பிவிட்டேன். தத்தா ஒரு புட்டி தியா ஹகுரு கட்டிக் கொடுத்தார். மூன்று கல்லில் கரியேறிய பானையை அம்மா புளி போட்டு அரை நாள் தேய்த்தாள். அடியில் ஒரு வட்டம் மட்டும் போகவில்லை.

2019 பொங்கல், செவ்வாய்க்கிழமை. மகளுக்குப் பதினொரு வயது, அவள்தான் பனையோலையைத் தள்ளிக்கொடுத்தாள். ஊற்றுகிறபோது அம்மா புட்டியை முகர்ந்து பார்த்து, "கருப்பட்டிப் பாகுல்லாட்டி இது" என்றாள். பானை கிழக்கே பொங்கியது. அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். நானும் போட்டேன், நான்கு வருடத்துக்கும் சேர்த்து.

ஏழு மணிக்குப் போன் சத்தமிட்டது. அங்கே ஆறரை. தத்தா குரலில் பேசி அனுப்பியிருந்தார். "இன்று உத்துரஹள. பானை பொங்கிவிட்டதா?" பின்னால் மணலில் ஈர்க்குமாறு இழுபடும் சத்தம் கேட்டது.

அடுப்பில் பானை தளதளத்து அடங்கிக்கொண்டிருந்தது. போனை அம்மா வாய்ப்பக்கம் நீட்டி, இன்னொரு தரம் குலவை போடச் சொன்னேன்.